ரெண்டு மிதி

பிரேக் மிதி ரொம்பக் கீழே போகிறது என்று ஒருவர் காரைக் கொண்டுவந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். போனட்டைத் திறப்பீர்கள். பிரேக் ஆயில் அளவைப் பார்ப்பீர்கள். காலால் அழுத்திப் பிடித்து, மிதி மெல்ல மெல்ல இறங்குகிறதா என்று பார்ப்பீர்கள். இறங்கினால் மாஸ்டர் பம்ப்பில் கோளாறு. பஞ்சு மாதிரி இருந்தால் குழாயில் காற்று. எல்லாம் சரிதான். இதையெல்லாம் உங்களுக்குக் கல்லூரியிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். நான் வேறு வந்து அதையே சொல்லி உங்கள் சாப்பாட்டு நேரத்தைக் கெடுக்கப்போவதில்லை.

நான் கேட்கச் சொல்லும் கேள்வி ஒன்றுதான். யார் மிதிக்கும்போது கீழே போகிறது?

போன வாரம் இதைச் சொன்னபோது உங்களில் ஒருவர் சிரித்தார். மிதி ஒன்றுதானே அண்ணே, யார் கால் வைத்தால் என்ன என்றார். யார் என்று சொல்லமாட்டேன். சட்டையில் கிரீஸ் கறை படாமல் வேலை பார்க்கத் தெரிந்தவர் இங்கே அவர் ஒருவர்தான். அவருக்காகவே இதைச் சொல்கிறேன். இதில் எனக்குப் பெருமைப்பட எதுவும் இல்லை. ஒரு காரைச் சரியாகக் கண்டுபிடித்துச் சரியாகப் பழுதுபார்த்து அனுப்பினேன், அவ்வளவுதான். ஆனால் அந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில், ஒரு சீனத் தவுக்கே முதலாளியாக இருந்த பட்டறையில் நான் வேலை பார்த்த கடைசி வருடங்களில் நடந்தது இது. அன்று வெள்ளிக்கிழமை. எங்களோடு வேலை பார்த்த மலாய் நண்பர் தொழுகைக்குப் போயிருந்தார். வழக்கமாகக் காரை ஓட்டிச் சோதிப்பது அவர் வேலை. ஈப்போ டவுனிலேயே பிறந்து, புதுக் காரிலேயே ஓட்டப் பழகியவர். அவர் இருந்திருந்தால் ஒரே சுற்றில் கதை முடிந்திருக்கும். அவர் இல்லாததால் நான் ஓட்டினேன்.

காரைக் கொண்டுவந்தவர் பெயர் காளிமுத்து. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் செம்பனைக்கு மாறி, லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்களெல்லாம் வெளியே தாமான் குடியிருப்புகளுக்குப் போன பிறகும் அவர் அந்தத் தோட்டத்துக்கே லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். முதலில் ரப்பர் பால் லாரி, பிறகு செம்பனைக் குலை லாரி. முட்டி தேய்ந்து அறுவை சிகிச்சை செய்ததோடு வேலை நின்றது. நல்ல உயரம், கனத்த மீசை, வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தார். கூடவே அவர் மனைவி பத்மா. அந்த அம்மா வந்ததும் சுவரோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் போய், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, பிரேக் ரொம்ப ஆழமா போவுதுண்ணே," என்றார் காளிமுத்து. "முட்டி ஆப்பரேசன் முடிஞ்சு திரும்ப ஓட்ட ஆரம்பிச்சதுலருந்துதான் இப்படி. அதுவரைக்கும் ஒண்ணும் இல்ல. வண்டி ரெண்டு மாசம் சும்மாவே நின்னுச்சுல்ல, மாஸ்டர் பம்ப் போயிருச்சு போல."

லாரி ஓட்டியவர்கள் பட்டறைக்கு வரும்போதே நோயையும் மருந்தையும் சேர்த்துக் கொண்டுவந்துவிடுவார்கள். நான் வேதக்காரன், கத்தோலிக்கன். பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறவன்கூடப் பாதி உண்மையாவது சொல்லுவான். பட்டறைக்கு வருகிறவர்கள் தங்களுக்குத் தோன்றியதை மட்டும்தான் சொல்லுவார்கள். "நான் பாத்துட்டுச் சொல்றேன்ணே. போயி உக்காருங்க, கோப்பி குடிங்க," என்று அவரை அனுப்பினேன்.

மாஸ்டர் பம்ப்பில் எந்தக் கோளாறும் இல்லை. அழுத்திப் பிடித்தேன், மிதி அசையாமல் நின்றது. ஆயில் எங்கும் ஒழுகவில்லை. காற்றும் இல்லை. காரை எடுத்துக்கொண்டு தொழிற்பேட்டையை ஒரு சுற்று சுற்றினேன். மெதுவாக, வேகமாக, இறக்கத்தில், மேட்டில் என்று எல்லா விதத்திலும் நிறுத்திப் பார்த்தேன். எங்கே நிற்கச் சொன்னேனோ அங்கே நின்றது. திரும்பி வந்து சாவியை அவரிடம் நீட்டினேன்.

"பிரேக் நல்லாத்தானே இருக்குண்ணே."

அவர் முகம் மாறிவிட்டது. "நல்லாத்தான் இருக்கா? அப்ப நான் என்னா பொய்யா சொல்றேன்? முப்பது வருசம் லாரி ஓட்டுனவன்ணே நானு. பிரேக்குக்கும் எண்ணெய்க்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு?"

நம் ஊரில் ஆக்சிலரேட்டரை எண்ணெய் என்றுதானே சொல்கிறோம். அந்த வார்த்தையைக் கேட்டதும் நாற்காலியில் இருந்த பத்மா தலையைத் தூக்கினார்.

"இப்பத் தெரியுதா?" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் அத்தனை நேரம் சீறிக்கொண்டிருந்த மனுஷன் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. புருஷன் பெண்சாதி விவகாரம், நமக்கெதற்கு என்று விட்டுவிட்டேன்.

"சரிண்ணே, நீங்க ஓட்டுங்க. நான் பக்கத்துல உக்காந்து பாக்குறேன்," என்றேன். இந்த வேலையில் இதைவிட நல்ல பழக்கம் வேறு எனக்குத் தெரியவில்லை. வாடிக்கையாளரையே ஓட்டவிட்டு, வாயை மூடிக்கொண்டு அவர் காலைப் பாருங்கள்.

பட்டறை வாசலில் இருந்து சாலை விளக்குவரை ஒரு இறக்கம். விளக்கு சிவப்புக்கு மாறியது. எங்களுக்கு முன்னால் ஒரு கொள்கலன் லாரி நின்றது. காளிமுத்து பிரேக்கை மிதித்தார். மிதி கிட்டத்தட்டத் தரைவரைக்கும் போய்விட்டது. கார் பாதி பிரேக்கில் உருண்டுகொண்டே போனது. காலைத் தூக்கி மறுபடி மிதிக்கப் பார்த்தார், முட்டி மடங்கவில்லை. "ஐயோ" என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். அது இழுக்க இழுக்க மேலே வந்துகொண்டே இருந்தது. லாரியின் இரும்புச் சட்டத்துக்கு ஒரு முழம் இருக்கும்போது கார் ஒருவழியாக நின்றது.

"பாத்தீங்களா? பாத்தீங்களா?" என்று கத்தினார்.

நான் அப்போது அவர் காலைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையில், மிதி என்று எதுவும் இல்லாத இடத்தில், பயத்தில் என் வலது கால் வெறும் மிதியடியை மிதித்திருந்தது. ஒரு தடவை இல்லை. அடுத்தடுத்து ரெண்டு தடவை.

நானும் தோட்டத்துக்காரன்தான். நான் முதன்முதலில் ஓட்டியது ஒரு பழைய பால் லாரி. அதில் முதல் மிதிக்குப் பிரேக் பிடிக்காது. முதல் மிதி சும்மா, ரெண்டாவது மிதியில்தான் வண்டி நிற்கும். ஒரே மிதியில் பிரேக் பிடித்தால் லாரிக்கு இன்றைக்கு என்ன கோபமோ என்று சிரிப்போம். அப்படியே பழகிய கால் அது. அதன்பிறகு எத்தனையோ நல்ல கார்களை ஓட்டியிருக்கிறேன், ஆனால் அந்தக் காலுக்கு யாரும் போய்ச் சொல்லவில்லை. பிரேக் என்றாலே, மெதுவாகப் போனாலும் சரி, கண்மூடித் திறப்பதற்குள் ரெண்டு மிதி மிதித்துவிடும். எனக்கே தெரியாது. காளிமுத்துவுக்கும் தெரியாது. அவர் முட்டி மடங்காமல் போனதால்தான் முதன்முறையாக அந்தக் காரை ஒரே மிதியில் நிறுத்தப் பார்க்கிறார்.

பட்டறைக்குத் திரும்பி, காரைத் தூக்கி நிறுத்தி, பின் சக்கரங்களைக் கழற்றினேன். டிரம் லேசில் வரவில்லை. தட்டித் தட்டிக் கழற்றியபோது துருவும் கரியுமாகக் கொட்டியது. உங்களுக்குத் தெரிந்ததுதான். பிரேக் ஷூ தேயத் தேய, அதை டிரம்முக்குப் பக்கமாகத் தள்ளிக் கொடுக்க உள்ளே ஒரு சின்னத் திருகு இருக்கும். அது துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. ஷூ தேய்ந்துகொண்டே போக, இடைவெளியும் பெரிதாகிக்கொண்டே போயிருக்கிறது. முதல் மிதி முழுவதும் அந்த இடைவெளியை நிரப்புவதற்கே சரியாகிவிடும். உடனே ரெண்டாவது மிதி மிதித்தால் நன்றாகப் பிடிக்கும். ரெண்டு பக்கமும் அதே கதைதான்.

காளிமுத்து கூடவே வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"பின் டிரம்ம எப்ப கடைசியா தொறந்தீங்க?" என்று கேட்டேன்.

"தொறந்ததே இல்லண்ணே. முன்னாடி பேட் எல்லாம் நானேதான் வீட்டுல மாத்துவேன். பின்னாடிதான் நல்லாப் புடிக்குதே, எதுக்குன்னு விட்டுட்டேன்."

"இது இன்னிக்கு நேத்து துரு இல்லண்ணே. ரொம்ப வருசமா இப்படித்தான் இருந்திருக்கு. நீங்க ரெண்டு மிதி மிதிச்சே ஓட்டிருக்கீங்க, அதான் தெரியல. நானும் அப்படித்தான் மிதிச்சேன், எனக்கும் தெரியல."

நான் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். பெரிய முடிச்சை அவிழ்த்துவிட்ட சந்தோஷம் எனக்கு. அவர் சிரிக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. பக்கத்தில் அடுக்கியிருந்த பழைய டயர்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எவ்ளோ வருசம்ணே?" என்றார்.

"சரியா சொல்ல முடியாது. ஏன்ணே?"

"ஆறு வருசத்துக்கு முன்னாடி?"

"கண்டிப்பா இருந்திருக்கும்."

டிரம்மைப் பார்த்துக்கொண்டே அவர் சொல்ல ஆரம்பித்தார். அப்போது அவர் மனைவி ஒரு தமிழ்ப்பள்ளியில் பாலர் வகுப்பு ஆசிரியையாக இருந்தாராம். தோட்டத்துக்குள்ளே இருக்கும் பள்ளிக்கூடம், பஸ் போகாது. அந்த வேலைக்காகத்தான் பத்மா கார் ஓட்டவே கற்றுக்கொண்டார், அந்த வேலைக்காகத்தான் இந்தக் காரையே வாங்கினார்கள். "பிரேக் கீழ போவுதுங்க" என்று பத்மா பல தடவை சொல்லியிருக்கிறார். சொன்ன ஒவ்வொரு தடவையும் இவர் காரை எடுத்து ஒரு சுற்று போய்வந்து, "நல்லாத்தானே இருக்கு, ஒனக்குத்தான் அழுத்தத் தெரியல" என்று சொல்லியிருக்கிறார். பொய் சொல்லவில்லை. அவர் காலுக்கு அது நன்றாகத்தான் இருந்தது.

ஒரு மழை நாள் காலையில் பள்ளிக்கூட வாசலுக்கு இறங்கும் சரிவில் பத்மா ஓட்டிய கார் நிற்கவில்லை. பிள்ளைகளை இறக்கிக்கொண்டிருந்த வேனின் பின்னால் போய் இடித்தது. வேன் நகர்ந்ததில், இறங்கிக்கொண்டிருந்த யமுனா என்ற பிள்ளை கீழே விழுந்து கை முறிந்துவிட்டது. நெற்றியில் தையல். பத்மாவின் வகுப்புப் பிள்ளைதான்.

பிரேக் கீழே போய்விட்டது என்று பத்மா எல்லோரிடமும் சொல்லி அழுதிருக்கிறார். யாரும் நம்பவில்லை. "பிரேக்குன்னு நெனச்சு எண்ணெய அமுக்கிட்டா" என்றது ஊர். காளிமுத்துவும் அதையேதான் சொன்னார். இடித்த காரை அங்கிருந்து வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனவரே அவர்தானே. பிரேக் நன்றாகப் பிடித்ததே. யமுனாவின் அம்மா வீட்டுக்கு வந்து, "நீயெல்லாம் ஒரு டீச்சரா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பத்மா மறுநாளிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. பிறகு வேலையையே விட்டுவிட்டார். ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை.

காரின் முன்பக்கத்தைத் தகர வேலைக் கடையில் நெளிவெடுத்து, அழகாகச் சாயம் பூசிக் கொடுத்தார்கள். அவர்களும் பிரேக்கைப் பார்க்கவில்லை, பார்க்கச் சொல்லி இவரும் கேட்கவில்லை. கண்ணேறு பட்டுவிட்டது என்று கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றியிருக்கிறார்கள். எனக்கு எலுமிச்சம்பழத்தோடு சண்டை இல்லை; எங்கள் சாமியாரும் புதுக் கார்மேல் தீர்த்தம் தெளிப்பார். ஆனால் நாலு சக்கரத்துக்கும் குனிந்து பழம் வைத்தவர்களில் ஒருவர்கூட ஒரு சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கவில்லையே என்று அன்றைக்கு வயிறு எரிந்தது.

இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, ஒரு ஒதவி செய்யுங்க. இது இப்ப கெட்டதுன்னு சொல்லிருங்க. வண்டி ரெண்டு மாசம் நின்னுச்சுல்ல, அதுல துருப் புடிச்சிருச்சுன்னு சொல்லுங்க. அவ கேட்டா மட்டும் சொன்னாப் போதும்."

நான் கையை விடுவித்துக்கொள்ளப் பார்த்தேன், அவர் விடவில்லை.

"எனக்காகக் கேக்கலண்ணே. அவளே இப்ப, ஆமா நாந்தான் எண்ணெய அமுக்கிட்டேன் போலன்னு சொல்ல ஆரம்பிச்சிட்டா. அழுது முடிச்சிட்டா. இப்பப் போயி சொன்னா எல்லாத்தையும் திரும்பக் கெளறிவிட்ட மாதிரி ஆயிரும்லா. அவ தாங்க மாட்டாண்ணே."

தம்பிகளே, தங்கைகளே, இங்கேதான் நீங்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். டிரம்மைத் திறந்து துருவைக் கண்டுபிடிப்பது யாருக்கும் வரும். ஒருவர் இப்படிக் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கி நிற்கும்போது என்ன பதில் சொல்வது என்பதை எந்தப் பாடத்திலும் சொல்லிக்கொடுக்கமாட்டார்கள். பின்னால் மூன்று கார்கள் காத்துக்கொண்டிருந்தன. தவுக்கே கண்ணாடி அறைக்குள்ளிருந்து என்ன தாமதம் என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லோருக்கும் வேலை முடிந்துவிடும்.

அவர் சொன்னதில் நியாயமே இல்லை என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. ஆறிப்போன புண்ணைக் கீறுவதற்கு நான் யார்? அந்த அம்மாவுக்கு வேலை திரும்பி வராது. போன வருடங்கள் வராது. நான் உண்மையைச் சொல்லி அவருக்குக் கிடைக்கப்போவது தன் புருஷன் தன்னை நம்பவில்லை என்பதற்கு ஒரு சாட்சி மட்டும்தான். அது அவருக்கு ஏற்கெனவே தெரியும். இந்த யோசனையெல்லாம் எனக்கு ஓடியது. ஆனால் தான் எண்ணெய்யை அமுக்கிவிட்டதாக அந்த அம்மாவே நம்ப ஆரம்பித்துவிட்டார் என்று அவர் சொன்னாரே, அது என்னை விடவில்லை. செய்யாத ஒன்றைச் செய்ததாக ஒரு மனுஷி சாகும்வரை நினைத்துக்கொண்டிருக்க, அதற்கு நானும் கை கொடுப்பதா?

"நானாப் போயி எதையும் சொல்லமாட்டேன்ணே," என்றேன். "அது ஒங்க வீட்டு விசயம். ஆனா அவங்க என்னைக் கேட்டா நான் பொய் சொல்லமாட்டேன். நான் வேலய முடிக்கிறதுக்குள்ள நீங்களே சொல்லிருங்க. நீங்க சொல்றதுதான் நல்லது."

புது ஷூ போட்டு, திருகைச் சுத்தம் செய்து, இடைவெளியைச் சரியாக வைத்து டிரம்மை மாட்டினேன். வேலை செய்துகொண்டே நிமிர்ந்து பார்த்தேன். காளிமுத்து நாற்காலிப் பக்கம் போனார். பத்மாவிடம் என்னவோ கேட்டார், அவர் தலையாட்டினார். கடைக்குப் போய் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து என்னிடமே திரும்பி வந்தார். இன்னொரு தடவை போனார். மழை வரும்போல இருக்கிறது என்று சொன்னது எனக்கே கேட்டது. முப்பது வருடம் குலை லாரியை மலைப்பாதையில் இறக்கிய மனுஷனுக்கு அந்தப் பத்தடியைக் கடக்க முடியவில்லை. அவர்மேல் எனக்கு இருந்த கோபம் எல்லாம் அப்போது போய்விட்டது. பாவமாகத்தான் இருந்தது.

காரைக் கீழே இறக்கினேன். அதற்குள் பத்மாவே எழுந்து வந்துவிட்டார். தரையில் தாள்மேல் வைத்திருந்த பழைய ஷூவையும் துருவேறிய திருகையும் குனிந்து பார்த்தார்.

"இதுதான் கெட்டுப்போச்சாண்ணே?"

"ஆமாக்கா."

"இது எதுக்கு?"

"பின்னாடி பிரேக். இது தேஞ்சு போனா, முதல் மிதிக்குப் பிரேக் ஆழமாப் போவும். ரெண்டாவது மிதிக்குப் புடிக்கும்."

அவர் அந்தத் திருகையே பார்த்துக்கொண்டிருந்தார். காளிமுத்து என் பின்னால் வந்து நின்றார்.

"எவ்ளோ நாளா இப்படி இருக்குண்ணே?"

நான் காளிமுத்துவைத் திரும்பிப் பார்த்தேன். இப்போதாவது அவர் வாயைத் திறப்பார் என்று காத்திருந்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரொம்ப வருசமாக்கா," என்றேன்.

"நான் ஸ்கூலுக்கு ஓட்டுனப்பவுமா?"

"அப்பவும் இப்படித்தான் இருந்திருக்கும்."

அழுவார் என்று நினைத்தேன், திட்டுவார் என்று நினைத்தேன். பத்மா ரெண்டும் செய்யவில்லை. "நான் ஒரு தடவ மிதிச்சுப் பாக்கலாமா?" என்று கேட்டார். கதவைத் திறந்துவிட்டேன். ஓட்டுநர் இருக்கையில் ஓரமாக உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, காலை உள்ளே கொண்டுபோனார். எஞ்சினை நான் கை நீட்டி ஓடவிட்டேன். அவர் வெறும் காலால் மிதித்தார். மிதி கொஞ்சம் இறங்கி, மேலேயே கெட்டியாக நின்றுவிட்டது.

காலை எடுத்துவிட்டு மறுபடி ஒருமுறை மிதித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இவ்ளோ மேலயே நிக்குமாண்ணே?"

"இப்படித்தான்க்கா நிக்கணும்."

"எனக்குத் தெரியாதுண்ணே," என்றார். "நான் ஓட்டுன ஒரே கார் இதுதான். இவரு சொல்லிச் சொல்லி, எல்லாருக்கும் அப்படித்தான் கீழ போவும்போல, எங்காலுக்குத்தான் தெம்பில்லன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்." அப்போதுதான் அவர் குரல் உடைந்தது.

எத்தனை வருடம் இந்த வேலை பார்த்திருக்கிறேன். எத்தனை பெண்கள் வந்து, அண்ணே ஒரு மாதிரியா இருக்கு, சத்தம் வருது, இழுக்குது என்று சொல்லியிருப்பார்கள். பக்கத்தில் நிற்கும் புருஷனோ அண்ணனோ, "அதெல்லாம் ஒண்ணுமில்ல, நான் ஓட்டிப் பாத்துட்டேன்" என்பார். பட்டறையில் இருக்கிற நாமும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் தலையாட்டுவோம். இந்தக் கார் ஆறு வருடத்துக்கு முன்னால் ஏதாவது ஒரு பட்டறைக்கு வந்திருந்தால், யாராவது ஒருவர் அந்த அம்மாவை ஓட்டச்சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், அரை மணி நேர வேலை. நாம் கடைசியில்தான் வந்து சேருகிறோம். எல்லாம் முடிந்தபிறகு பிரேக்கை மட்டும் சரிசெய்து கொடுக்கிறோம். எனக்கு ஆற்றாமை அதுதான்.

பத்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினார். செருப்பைப் போட்டுக்கொண்டு, காரைச் சுற்றிப் போய்ப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். காளிமுத்து ஓட்டுநர் இருக்கையில் மெல்ல ஏறி, கதவைச் சாத்தாமலே அவர் பக்கம் திரும்பினார்.

"பத்மா," என்றார். "வீட்டுக்குப் போலாம். வீட்டுல போயி பேசிக்கலாம்."

"வீட்டுக்கு வேணாம். தஞ்சோங் ரம்புத்தானுக்குப் போங்க."

"அங்க எதுக்கு?"

"யமுனாவோட அம்மா இப்ப அங்கதான் தாமான்ல இருக்காங்க. கோயில்ல என்னையப் பாத்தா இன்னமும் மொகத்தத் திருப்பிக்கிறாங்க."

காளிமுத்து சாவியைத் திருகினார். "சரி, போலாம். நீ வந்து சொல்லு. நான் ஒம்பக்கத்துலயே நிக்கிறேன்," என்றார்.

பத்மா முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நான் அப்பவே சொல்லிட்டேங்க," என்றார். "இப்ப நீங்க போயி சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."